வெளிநடப்புக்குப் பின் உள்ளே இருந்தவர்கள்



புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் சட்டப்பேரவையின் பத்திரிகையாளர் மாடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து எழுதியவன் நான். ஆளும் வரிசையில் இருந்தவர்கள் எதிர் வரிசைக்கு வந்ததையும், எதிர் வரிசையில் இருந்தவர்கள் ஆளும் வரிசைக்குப் போனதையும் பலமுறை கண்டவன். போன மாதம் என் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். அவளுக்கு இப்போதுதான் வாக்காளர் அட்டை வந்திருக்கிறது. "சட்டமன்றம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறதா, தாத்தா?" என்றாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அன்றிரவு படுத்தபடியே பழைய நாட்களைப் புரட்டிப் பார்த்தேன். அவளுக்குச் சொல்ல நினைத்ததை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன், பிள்ளைகளே.

நான் பேரவைச் செய்திக்குப் போக ஆரம்பித்த முதல் வருடம் அது. ஒரு பிற்பகல், எதிர்க்கட்சியினர் முழக்கமிட்டபடி வெளிநடப்புச் செய்தார்கள். மாடத்தில் இருந்த நாங்கள் எல்லோரும் அவர்கள் பின்னாலேயே ஓடினோம். வெளியே அவர்கள் சொன்ன காரமான வார்த்தைகளை ஒன்று விடாமல் குறித்துக்கொண்டு அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலை செய்தி முதல் பக்கத்தில் வந்திருந்தது. பாராட்டுக் கிடைக்கும் என்று செய்தி ஆசிரியர் முன்னால் போய் நின்றேன். வேட்டியும் வெற்றிலைப் பெட்டியுமாக இருப்பார், அதிகம் பேசமாட்டார்.

"வெளியே வந்தவங்க என்ன சொன்னாங்கன்னு எழுதிட்டே. உள்ளே மிச்சம் இருந்தவங்க என்ன பேசினாங்க?"

"தெரியலீங்க ஐயா."

"தெரிஞ்சிக்கிட்டு வா. பேரவை அங்கேதான் நடந்துச்சு."

அன்று முதல், கூட்டம் முடியும்வரை இருக்கையை விட்டு எழுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாளே அதற்குப் பலன் கிடைத்தது. வினா விடை நேரம். காவிரிப் படுகையைச் சேர்ந்த ஒரு முதல்முறை உறுப்பினர், தம் பகுதி வாய்க்கால்களைத் தூர்வார எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று கேட்டிருந்தார். அமைச்சர் தொகையைப் படித்தார். மேசைகள் தட்டப்பட்டன. உறுப்பினர் துணைக் கேள்விக்கு எழுந்தார். கையில் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற நாற்பது பக்க நோட்டு ஒன்று.

"தலைவர் அவர்களே, தொகை சரி. வேலையைத் தொடங்கச் சொல்லி உத்தரவு எந்தத் தேதியிலே போச்சு?"

அமைச்சரிடம் தேதி இல்லை. அதிகாரிகள் மாடத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே நாலைந்து கோப்புகள் புரட்டப்பட்டன. ஒரு துண்டுச் சீட்டு கைமாறிக் கைமாறி அமைச்சரிடம் வந்தது. அதைப் பார்த்துப் படித்தார்: ஜூன் 9.

"மேட்டூரை ஜூன் 12ஆம் தேதி திறந்தாச்சு. தண்ணி ஓடுற வாய்க்கால்ல எப்படிங்க தூர்வாரினாங்க?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அவையில் சிரிப்பும் எழவில்லை. சில நொடிகள் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த ஆண்டு அதே பணிக்கான உத்தரவு எப்போது போனது என்று நான் விசாரித்து அறிந்தேன். ஏப்ரலிலேயே போயிருந்தது.

பிள்ளைகளே, அரசாங்கத்தை எதிர்த்து மணிக்கணக்காகப் பேசிய பேச்சுகளை ஆயிரக்கணக்கில் கேட்டிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை அவைக்குறிப்பின் தாள்களில் உறங்குகின்றன. ஒரு தேதியைக் கேட்ட அந்தக் கேள்வி, சில கிராமங்களில் கடைமடைவரை தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அரசாங்கம் தான் செய்ததற்கு மக்கள் முன் கணக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்கும் இடம் பேரவை. கேட்பவர் தாமும் கணக்குத் தெரிந்தவராக இருந்தால்தான் அது நடக்கும்.

இதே பாடத்தைப் பெரிய அளவில் காட்டிய சம்பவம் ஒன்று நாடாளுமன்றத்தில் நடந்தது. 1957 டிசம்பரில் பெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்து, அதற்கு முந்தைய ஆண்டு உருவான ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம், முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களின் பங்குகளில் ஏன் போடப்பட்டது என்று கேட்டார். ஒன்றேகால் கோடி ரூபாய் அளவிலான விவகாரம். கேட்டவர் ஆளுங்கட்சி உறுப்பினர். பிரதமரின் மருமகன் வேறு. நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை பொதுமக்கள் முன்னிலையிலேயே நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவி விலகினார். அந்த நிதியமைச்சர் நம் சென்னைக்காரரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி, திறமைக்குப் பெயர் பெற்றவர், சில ஆண்டுகள் கழித்து மீண்டும் அதே பொறுப்புக்கு வந்தவர். இதில் யார் பெரியவர், யார் சிறியவர் என்பதல்ல எனக்கு முக்கியம். தன் கட்சி அமைச்சரிடமே கணக்குக் கேட்க ஓர் உறுப்பினருக்கு மனம் இருந்தது. கேட்க அவருக்கு இடமும் இருந்தது.

அடுத்து, சட்டம் இயற்றும் வேலை. அதைச் சொல்லும்போது ஒரு தேதியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

1989 மார்ச் 25. நிதிநிலை அறிக்கை படிக்க வந்த நாளில் பேரவைக்குள் கைகலப்பு நடந்தது. தாள்கள் பறந்தன. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஒரு பெண் தலைமுடி கலைந்த கோலத்தில் வெளியேறினார். அன்று எனக்கு வெளியூர்ப் பணி. நான் மாடத்தில் இல்லை. நடந்ததை இரு தரப்பும் இன்றுவரை இரு விதமாகவே சொல்கின்றன. அந்த வழக்கை நான் தீர்க்கப் போவதில்லை. பேரவைக்கு அது தலைகுனிவான நாள் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில், நம்பிக்கை வாக்கெடுப்பின்போது காவல்துறையே அவைக்குள் நுழைந்தது. அதுவும் அப்படிப்பட்ட நாள்தான்.

இப்போது இன்னொன்றைக் கேளுங்கள். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று தமிழ்நாடு கொண்டுவந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது தெரியுமா? அதே 1989 மார்ச் 25. நாடு முழுமைக்கும் அந்த உரிமை வருவதற்கு 2005 வரை ஆனது. பேரவையின் இருண்ட நாளும் அதன் ஒளிமிகுந்த நாளும் நாட்காட்டியில் ஒரே தாளில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த அவையை எடை போடாதீர்கள்.

அந்தச் சட்டத்தைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடவும் என்னால் முடியவில்லை. என் மனைவியின் ஊரில், தூரத்து உறவில் இரண்டு சகோதரிகள். அக்காவுக்கு 1987 தை மாதம் கல்யாணம், தங்கைக்கு 1991இல். இருவருக்கும் ஓர் அண்ணன். தாயார் முன்பே போய்விட்டார். தகப்பனார் 1996இல் காலமானார். பூர்வீக நிலம் நாலரை ஏக்கர். 1998இல் பாகப் பிரிவினைக்காக எல்லோரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம். வயதில் மூத்தவன் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். பத்திரம் எழுதுபவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முதலில் கேட்டது இதுதான்: "எந்தப் பொண்ணுக்கு எந்த வருஷம் கல்யாணம்?"

சட்டத்தில் ஓர் உட்பிரிவு இருந்தது. 1989 மார்ச் 25க்கு முன்னால் மணமான மகள்களுக்கு அந்தப் பிறப்புரிமை இல்லை. மணமாகிப் போனவர்களின் கணக்கை மறுபடி திறந்தால் குடும்பங்கள் குலையும் என்று கருதி அப்படி வைத்திருக்கலாம். அண்ணனுக்கு இரண்டு ஏக்கர், தங்கைக்கு இரண்டு ஏக்கர். அக்காவுக்குத் தகப்பனாரின் பங்கிலிருந்து வாரிசாகக் கிடைத்தது ஐம்பது சென்ட். தங்கை கையெழுத்துப் போட உள்ளே போனபோது, அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள் அக்கா. முகத்தில் கோபம் இல்லை. "சட்டம் அப்படித்தானே மாமா இருக்கு?" என்றாள். பிறகு 2005இல் வந்த மத்தியச் சட்டம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப் பிரிவினையை அது தொடவில்லை. அவளுடைய ஐம்பது சென்ட் ஐம்பது சென்ட்டாகவே இருக்கிறது.

அன்று அந்தத் திண்ணையில் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். பேரவையில் சட்டமுன்வடிவைக் கூறு கூறாக வாக்குக்கு விடுவார்கள். "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்று தலைவர் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போவார். கேட்கும் எங்களுக்குக் கொட்டாவி வரும். அந்தக் கொட்டாவி விடும் நேரத்தில்தான் ஒருத்திக்கு இரண்டு ஏக்கரா, ஐம்பது சென்ட்டா என்பது முடிவாகிறது. சட்டத்தின் தலைப்பைப் படிப்பவர்கள் நிறைய. உட்பிரிவைப் படித்து, இது யாருக்கு வலிக்கும் என்று கேட்பவர் ஒருவராவது அவையில் இருக்க வேண்டும்.

அப்படிப் படித்து, எதிர்த்து, ஒரு திட்டத்தையே நிறுத்திய அவையும் இதே அவைதான். நான் கேட்டுத் தெரிந்துகொண்ட கதை இது. அப்போது எனக்கு நினைவு தெரியாத வயது. 1953இல் முதலமைச்சர் இராஜாஜி ஒரு புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். பாதி நாள் பள்ளி. மீதி நாள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். மக்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். அவையில் முன்கூட்டி விவாதிக்காமல் அரசு அதைத் தொடங்கிவிட்டது. அந்த ஜூலையில், திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது இருபுறமும் 138 வாக்குகள் என்று சமமாகப் பிரிந்தன. அதைத் தொடர்ந்து, நிபுணர் குழு ஆராயும்வரை நிறுத்திவைக்க வேண்டும் என்ற தீர்மானம் இரண்டே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. மறு ஆண்டு இராஜாஜி விலகினார். காமராஜர் பொறுப்பேற்றதும் திட்டமே கைவிடப்பட்டது. இராஜாஜியின் அறிவையும் நேர்மையையும் யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆயினும் எவ்வளவு பெரிய அறிவாளியின் முடிவையும் சாதாரண உறுப்பினர்கள் எண்ணிக்கையால் நிறுத்தி, "இன்னொரு முறை யோசியுங்கள்" என்று சொல்ல முடிந்தது. ஆளுங்கட்சிக்குள்ளேயே மனச்சாட்சிப்படி நடந்தவர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது.

இன்று அது நடக்குமா என்று கேட்டால், எளிதில் நடக்காது என்பேன். 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. விலை பேசி ஆள் பிடிக்கும் கொடுமையை ஒழிக்க வந்த சட்டம். அது அவசியமாகத்தான் இருந்தது. ஆனால் கொறடா சொன்னபடி வாக்களிக்காத உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும் என்ற நிலை வந்தபின், ஒவ்வொரு மசோதாவிலும் ஆளும் வரிசையின் வாய் கட்டப்பட்டுவிட்டது. திருட்டுக்கு அஞ்சிக் கதவை அடைத்தோம், காற்றும் நின்றுபோயிற்று. ஆட்சியைக் கவிழ்க்கும் வாக்கெடுப்புக்கு மட்டும் கொறடாவின் கட்டளை போதும், மற்ற மசோதாக்களில் உறுப்பினர்களை அவர்கள் மனச்சாட்சியிடம் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. இதை நான் எந்தக் கட்சியை மனத்தில் வைத்தும் சொல்லவில்லை.

அந்த அடைப்பின் விளைவை 2023 ஏப்ரலில் பார்த்தோம். தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தம் 12ஆம் தேதி அறிமுகமானது. கூட்டத்தொடரின் கடைசி நாளான 21ஆம் தேதி குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. மூன்றாம் நாள் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. திரும்பப் பெற்ற பணிவை நான் மதிக்கிறேன். ஆனால் தொழிற்சங்கங்கள் தெருவில் சொன்னதை அவைக்குள் வைத்தே கேட்டிருக்கலாம். மசோதாவைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பி, தொழிலாளியையும் முதலாளியையும் அழைத்து உட்காரவைத்து விசாரிக்க விதிகளிலேயே வழி இருக்கிறது. அந்த வழியில் புல் முளைத்துக் கிடக்கிறது.

குழு என்றதும் நினைவுக்கு வருகிறது. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, உறுதிமொழிக் குழு என்று பேரவைக்குப் பல குழுக்கள் உண்டு. தணிக்கை அறிக்கையில் வரும் ஒவ்வொரு குறையையும் எடுத்து, அதிகாரிகளை அழைத்துக் கேட்பது பொதுக் கணக்குக் குழு. அமைச்சர் அவையில் "செய்கிறோம்" என்று சொன்னதைக் குறித்துவைத்து, செய்தார்களா என்று பின்தொடர்வது உறுதிமொழிக் குழு. அங்கே கேமரா இல்லை, கைதட்டல் இல்லை. வெவ்வேறு கட்சிக்காரர்கள் ஒரே மேசையில் ஒரே அறிக்கையைப் புரட்டுவார்கள். வெளியே ஒருவரை ஒருவர் பார்க்க மறுப்பவர்கள்கூட அங்கே, "இந்தப் பக்கத்தைப் பாருங்க" என்று தாளைத் தள்ளிவைப்பதை நான் அறிவேன். பேரவை தன் வேலையைச் செய்கிறதா என்று அறிய விரும்பினால் முதலில் அந்த அறைகளைப் பற்றி விசாரியுங்கள்.

பொறுமையைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பேரவையின் பொறுமை ஒரு மனிதரின் பதவிக் காலத்தைவிட நீளமானது. சில நேரம் ஆயுளைவிடவும் நீளமானது. புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, சென்னை மாகாணச் சட்டசபையில் முதல் பெண் உறுப்பினராக அமர்ந்தார். அவர் நியமிக்கப்பட்டவர், அன்றைய அவைக்கு வாக்களிக்கும் உரிமையும் சொத்துள்ள சிலருக்கே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவையின் துணைத் தலைவராகவும் ஆனார். பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்று 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி போன்ற தேசத் தலைவர்களே அதை எதிர்த்தார்கள். 1930இல் காந்தியடிகள் கைதானபோது முத்துலட்சுமி பதவியைத் துறந்துவிட்டார். வழக்கத்தை முழுதாகத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. இருபது ஆண்டுகள். அவர் அவையை விட்டுப் போனார். அவர் வைத்த தீர்மானம் அவையை விட்டுப் போகவில்லை.

நம் மாநிலத்தின் பெயரும் அப்படி வந்ததுதான். 1956இல் சங்கரலிங்கனார் அந்தப் பெயர் மாற்றத்தையும் கேட்டு எழுபத்தாறு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். மறு ஆண்டு, அப்போதுதான் அவைக்குள் வந்திருந்த சிறிய எதிர்க்கட்சி பெயர் மாற்றத் தீர்மானத்தைக் கொண்டுவந்தது; தோற்றது. பிறகும் தீர்மானம் வந்தது, பிறகும் தோற்றது. 1967 ஜூலை 18 அன்று அண்ணா முதலமைச்சராக இருந்து கொண்டுவந்தபோது ஒருமனதாக நிறைவேறியது. பத்தாண்டுகளுக்கு முன் எதிர்த்து வாக்களித்த கட்சியும் சேர்ந்தே நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில் 'தமிழ்நாடு' என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பெயர் தாங்கிய மாநிலத்தில் அண்ணா வாழ்ந்தது இருபது நாள். பிப்ரவரி 3 அன்று மறைந்தார். அவையில் தோற்ற தீர்மானத்தைக் குப்பையில் போட்டுவிட முடியாது, பிள்ளைகளே. விதைநெல்லைப் போல அது அவைக்குறிப்பில் கிடக்கும். எடுத்து விதைக்க ஆள் வரும்.

இப்போது என் வருத்தங்களைச் சொல்கிறேன். அரசியலமைப்பு கேட்பது, ஒரு கூட்டத்தொடருக்கும் அடுத்ததற்கும் இடையே ஆறு மாதம் தாண்டக்கூடாது என்பது மட்டும்தான். ஆண்டுக்கு இத்தனை நாள் கூட வேண்டும் என்று அது சொல்லவில்லை. அந்த இடைவெளியில் எல்லா அரசுகளும் புகுந்துகொண்டன. ஆண்டுக்கு நூறு நாள் என்ற வாக்குறுதி நம் மாநிலத் தேர்தல் அறிக்கையிலேயே வந்தது. ஆனால் ஆண்டில் ஐம்பது நாள் கூடுவதே அரிது. கூடும் நாட்களிலும் பெரிய துறைகளின் மானியக் கோரிக்கைகள் ஒரே நாளில் இரண்டு மூன்றாக முடிக்கப்படுகின்றன. பல ஆயிரம் கோடி ரூபாய்க்கு ஒரு பிற்பகல். விதி 110இன் கீழ் அறிவிப்புகளைப் படித்தால் அதன்மேல் விவாதம் கிடையாது. முக்கியமான விஷயங்களுக்கென்று வைத்த அந்த விதியை வழக்கமாகவே ஆக்கிக்கொண்ட காலத்தையும் பார்த்தேன். பேச எழும் உறுப்பினர் தமக்குக் கிடைத்த பத்து நிமிடத்தில் ஏழு நிமிடத்தைத் தலைவர்களைப் புகழச் செலவிடுவார், மீதி மூன்று நிமிடத்தில் தொகுதிக்குப் பாலம் கேட்பார், மணி அடித்துவிடும். நன்றி சொல்வது நல்ல குணம்தான். அதற்கு அவையின் நேரம் எடுத்துக்கொள்ளப்படக் கூடாது, அது மக்களின் நேரம்.

ஆனால் உறுப்பினர்களை மட்டும் குறை சொல்லி என் மனச்சாட்சியை ஆற்றிக்கொள்ள முடியாது. அந்த நோட்டுப் புத்தகக்காரரைச் சொன்னேனே, அவர் அடுத்த தேர்தலில் தோற்றார். செய்தி சேகரிக்க அவர் தொகுதிக்குப் போயிருந்தேன். டீக்கடையில் விசாரித்தேன். "நல்ல மனுஷன்தாங்க. ஆனா நல்லது கெட்டதுக்கு வர்றதில்லை" என்றார் ஒருவர். "என் மக கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன், சட்டசபை இருக்குன்னுட்டார்" என்றார் இன்னொருவர். வாய்க்காலில் தண்ணீர் முன்கூட்டியே வந்தது அவர்களுக்குத் தெரியும். அது எப்படி வந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன். அவருடைய கேள்வி எங்கள் பத்திரிகையில் ஆறாம் பக்கத்தில் நாலு வரியாக வந்தது. வெளிநடப்பு முதல் பக்கத்தில் வந்தது.

நாம் உறுப்பினரிடம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் அவர் கொடுக்கப் பழகுகிறார். காதுகுத்துக்கு வரவேண்டும், துக்கத்துக்கு மாலையோடு நிற்கவேண்டும், வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் வேண்டும், தாலுகா அலுவலகத்தில் ஒரு சொல் சொல்லவேண்டும் என்று கேட்டுக் கேட்டு, சட்டம் இயற்ற அனுப்பியவரை நம் வீட்டு விசேஷங்களுக்கு விருந்தாளியாக்கிவிட்டோம். அவையில் அவர் எத்தனை நாள் இருந்தார், எந்த மசோதாவில் பேசினார், எத்தனை கேள்வி கேட்டார் என்று ஊரில் ஒருவரும் கேட்பதில்லை. கேட்கப்படாத கணக்கை யார் எழுதிவைப்பார்?

பிள்ளைகளே, பதினெட்டு வயதில் வாக்களிக்கும் உரிமை உங்களுக்கு எப்போது கிடைத்தது தெரியுமா? அரசியலமைப்பின் 61ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1989 மார்ச் 28. மகளுக்குப் பங்கு கொடுத்த சட்டம் தொடங்கியதிலிருந்து மூன்றாம் நாள். அதற்குமுன் நாங்களெல்லாம் இருபத்தொன்றுவரை காத்திருந்தோம். பழைய உறுப்பினர்களின் பேச்சு அவைக்குறிப்பில் அச்சாகிப் பேரவை நூலகத்தில் இருக்கிறது. இப்போது வினா விடை நேரத்தை வீட்டிலிருந்தபடியே பார்க்கவும் முடிகிறது. எங்களுக்கு இல்லாத வசதி அது. ஒரு கூட்டத்தொடரை முழுதாகப் பாருங்கள். உங்கள் உறுப்பினர் எழுந்தாரா, எழுந்து என்ன கேட்டார் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த முறை அவரோ அவரை எதிர்த்து நிற்பவரோ கைகூப்பிக்கொண்டு உங்கள் தெருவுக்கு வரும்போது, அந்த நோட்டோடு வாசலுக்கு வந்து நில்லுங்கள். மரியாதையாக வணக்கம் சொல்லுங்கள். பிறகு, எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை, அவையில் கடைசிவரை இருப்பீர்களா என்று கேளுங்கள்.